வெறும் குழிகள் என்று சொல்லப்பட்ட இடங்களுக்காக: சேலம் சுற்றுலாத் திட்டத்தை வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

சேலம், ஏற்காடு வட்டாரத்தின் சுற்றுலா வளர்ச்சித் திட்டங்களை வகுப்பவர்களுக்கும், அவற்றுக்கு ஒப்புதல் அளிக்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கும்,

இவ்வட்டாரத்தின் சுற்றுலா மேம்பாட்டுக்கான வரைவு ஒன்று அண்மையில் பொதுமக்கள் முன் வைக்கப்பட்டுக் கருத்துக் கேட்கப்பட்டது. ஏரிக்கு இன்னும் படகுகள், மலைப்பாதையின் வளைவுகளில் காட்சிமேடைகள், பூங்காக்களுக்கு வண்ண விளக்குகள் என்று நீண்டு சென்ற அந்தப் பட்டியலில், சேலத்தின் பெயரைக் கடல் கடந்த எஃகு உலைகள் வரை கொண்டு சென்ற, வெள்ளக்கல் எனப்படும் மேக்னசைட் சுரங்கங்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எழுந்து நின்று ஏன் என்று கேட்டேன். "அங்கே பார்க்க என்ன இருக்கிறது, வெறும் குழிதானே" என்று பதில் வந்தது. கூட்டம் அடுத்த பொருளுக்குப் போய்விட்டது. அதற்குச் சில நாட்களுக்குள், நான் வளர்ந்த பகுதியில் பல காலமாகப் பயனற்று நின்ற, வெள்ளக்கல் சுட்ட பழைய சூளை ஒன்று இடிக்கப்பட்டு, அதன் செங்கல்லும் இரும்பும் லாரியில் ஏற்றப்பட்டன. இடிப்பதற்கு முன் யாரும் அதை அளக்கவில்லை. ஒரு புகைப்படம்கூட எடுத்து வைக்கவில்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்த பிறகு பேசாமல் இருக்க என்னால் இயலவில்லை.

நான் அரசுப் பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவர்களில் ஒருவர். என் தாயார் வெள்ளக்கல் வேலைக்குப் போனவர். வெடி வைத்துப் பெயர்த்த பாறையிலிருந்து வெள்ளைக் கல்லைப் பொறுக்கி, அதில் ஒட்டியிருக்கும் கருங்கல்லைச் சிறு சுத்தியலால் தட்டி நீக்கிக் கூடையில் சேர்ப்பது அவர் வேலை. சேலத்து மேக்னசைட்டின் தரம் உயர்ந்தது என்று நூல்களில் எழுதப்பட்டிருக்கிறது. அந்தத் தரத்தில் ஒரு பகுதி நிலத்தின் கொடை என்றால், மறுபகுதி வெயிலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கல்லைப் பிரித்துக் கொடுத்த பெண்களின் கையாலும் கண்ணாலும் வந்தது. இது எந்தப் பாடநூலிலும் இல்லை. நான் பாடம் நடத்திய ஆண்டுகளில் ஒவ்வொரு வகுப்பிலும் இதைச் சொல்லியிருக்கிறேன். சுரங்கப் பகுதியிலிருந்து வந்த பிள்ளைகளில் பலருக்கே அது புதிய செய்தியாக இருந்தது.

சேலம் ஜங்ஷனிலிருந்து ஓமலூர் செல்லும் தடத்தில் ரயிலில் போகிறவர்கள் 'மேக்னசைட் ஜங்ஷன்' என்ற பெயர்ப்பலகையைக் கடந்தே செல்கிறார்கள். ஒரு கனிமத்தின் பெயரையே ரயில் நிலையத்துக்கு வைக்கும் அளவுக்கு இந்த நிலத்தின் வாழ்வு அந்தக் கல்லோடு கலந்திருந்தது. செட்டிச்சாவடி, கருப்பூர், வெள்ளக்கல்பட்டி ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள தாழ்ந்த குன்றுகளில், டியூனைட் எனப்படும் கரும்பச்சைப் பாறை காலப்போக்கில் சிதைந்து மாறியபோது, அதன் விரிசல்களில் வெண்ணிற நரம்புகளாக மேக்னசைட் படிந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆங்கிலேயர்கள் இதைக் கவனித்துவிட்டார்கள். 1896இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த மிடில்மிஸ் இந்தக் குன்றுகளைப் பற்றித் தனியாக ஆய்வுக் குறிப்பு வெளியிட்டார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வணிக முறையில் தோண்டுதல் தொடங்கியது. மேக்னசைட்டைச் சூளையில் சுட்டுப் பெறப்படும் மக்னீசியா உருகுவதற்குச் சுமார் 2,800 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். ஆகவேதான் எஃகு உலைகளின் உட்சுவருக்கான செங்கற்களை அதைக் கொண்டு செய்கிறார்கள். இந்தியாவில் எஃகு உருக்கிய பல உலைகள் வெப்பத்தைத் தாங்கி நின்றதில் சேலத்து வெள்ளக்கல்லுக்குப் பங்கு உண்டு. 1979இல் தமிழ்நாடு அரசே தனியாக ஒரு மேக்னசைட் நிறுவனத்தைத் தொடங்கியது என்பதையும் நீங்கள் அறிவீர்கள்.

இங்கே பார்க்க ஒன்றும் இல்லை என்று சொன்னவர், மழை பெய்து ஓய்ந்த ஒரு நாளின் காலையில் அந்தச் சரிவுகளின் விளிம்பில் நின்று பார்த்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். கரும்பாறையின் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் வெள்ளை நரம்புகளும், படிப்படியாக இறங்கும் வெட்டுகளும், அவற்றுக்குப் பின்னால் ஒதுக்கிக் கொட்டிய கழிவுக்கல் மேடுகளும், நிலம் உருவான கதையையும் மனிதர் அதை உடைத்த கதையையும் ஒரே பார்வையில் காட்டுகின்றன. புவியியல் படிக்கும் மாணவர்கள் வெளிமாநிலங்களிலிருந்துகூட இந்தக் குன்றுகளைத் தேடி வருகிறார்கள். சேலத்துப் பள்ளி மாணவர்களோ பேருந்தில் ஏறி, இவற்றைத் தாண்டி, ஏற்காட்டில் படகு விட்டுத் திரும்புகிறார்கள்.

இரும்பின் கதை இன்னும் பழையது. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் சட்டமன்றத்திலேயே அறிவிக்கப்பட்டது. நம் மாவட்டத்தில் மேட்டூருக்கு அருகே உள்ள மாங்காட்டின் இரும்பும் அந்த ஆய்வு வரிசையில் இடம்பெற்றது. 2025 ஜனவரியில் இரும்பின் தொன்மை பற்றிய அறிக்கையை அரசு வெளியிட்டபோது பெருமைப்பட்டவர்களில் நானும் ஒருவர். ஆனால் அதே மண்ணில் அதே இரும்பைத் தேடி கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் நடந்தவற்றை நாம் முற்றிலும் மறந்திருக்கிறோம். சேலத்தை அடுத்த கஞ்சமலையின் காந்த இரும்புத் தாதுவையும், மண் உலையில் ஆட்டுத்தோல் துருத்தி கொண்டு ஊதி எஃகு செய்த உள்ளூர்க் கொல்லர்களின் தொழிலையும் கண்ட ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற கம்பெனி அலுவலர், வேலையை விட்டு விலகி, 1830ஐ ஒட்டிய ஆண்டுகளில் பரங்கிப்பேட்டையில் ஐரோப்பிய முறையில் இரும்பாலை அமைத்தார். சேலம் தாதுவை நம்பி எழுந்த அந்த முயற்சி, பின்னர் காவிரிக் கரையில் நம் பூலாம்பட்டி வரை வந்தது. உலைகள் மரக்கரியைத் தின்றன, காடுகள் அழிந்தன, எரிபொருள் தொலைவிலிருந்து வர வேண்டியதாயிற்று, செலவு கட்டுப்படியாகாமல் 1860களில் எல்லாம் ஓய்ந்தது. ஹீத் அதற்கு முன்பே இங்கிலாந்துக்குத் திரும்பி, எஃகு செய்முறையில் மாங்கனீசைப் பயன்படுத்தும் முறைக்கு 1839இல் காப்புரிமை பெற்று உலகத் தொழில் வரலாற்றில் இடம் பிடித்தார். அவர் பார்த்து வியந்த கொல்லர்களின் பெயர் ஒன்றுகூட நம்மிடம் இல்லை.

இன்று பூலாம்பட்டிக்கு விடுமுறை நாட்களில் கூட்டம் அலைமோதுகிறது. குட்டிக் கேரளா என்று சொல்லி, விசைப்படகில் அக்கரை நெரிஞ்சிப்பேட்டைக்குப் போய்த் திரும்பி, மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள். அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. மக்கள் மகிழ்ச்சியாக இருக்க ஓர் ஆற்றங்கரை வேண்டும். ஆனால் அந்தப் படகுத்துறையில் நிற்கும் ஒருவருக்கு, இதே ஊரில் ஒரு காலத்தில் இரும்பு உருக்கப்பட்டது என்று சொல்ல ஒரு பலகைகூட இல்லை என்பது ஆற்றின் குற்றமன்று. கஞ்சமலைச் சித்தர் கோவிலுக்கு அமாவாசைதோறும் வரும் ஆயிரக்கணக்கானோருக்கும், தாங்கள் சுற்றும் மலையின் தாதுவை நம்பித்தான் ஒரு பேரரசு இங்கே முதலீடு செய்தது என்பதைச் சொல்வாரில்லை. அதே மலையின் அடிவாரத்தில் 1970இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1981இல் உற்பத்தியைத் தொடங்கிய உருக்காலை வரை, இது அறுபடாத ஒரே தொடர்.

ஏற்காடு அமைந்துள்ள சேர்வராயன் மலையிலும் இதே நிலைதான். காபி பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் மலையில் காபியை ஊன்றியதைச் சுற்றுலா வழிகாட்டிகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். மலையின் மேற்பரப்பில் சார்னோகைட் பாறை நெடுங்காலம் மழையிலும் வெயிலிலும் சிதைந்து பாக்சைட் என்னும் அலுமினியத் தாதுவாக மாறியதையும், அது தோண்டப்பட்டு மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இறங்கியதையும், அந்தச் சரிவுகளில் வாழ்ந்த மலையாளிப் பழங்குடி மக்களின் வாழ்வில் அது என்ன மாற்றத்தை உண்டாக்கிற்று என்பதையும் யாரும் சொல்வதில்லை.

பிரேசில் நாட்டில் வேலை பார்க்கும் என் மகளிடம் தங்கச் சென்றிருந்தபோது, ஓரோ பிரேட்டோ என்ற ஊரைப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. போர்ச்சுகீசியர் ஆட்சியில் 1690களின் இறுதியில் தங்கம் கண்டுபிடிக்கப்பட்டு, மலை மடிப்புகளுக்குள் எழுந்த நகரம் அது. 1897 வரை மினாஸ் ஜெராயிஸ் மாநிலத்துக்குத் தலைநகராக இருந்தது. தங்கம் தீர்ந்து, தலைநகரும் இடம்பெயர்ந்தபோது அந்த ஊர் இடிந்து அழிந்திருக்க வேண்டும். அவர்கள் அழிய விடவில்லை. 1933இலேயே நகரம் முழுவதையும் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார்கள். 1980இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் பிரேசிலின் முதல் இடமாக அது சேர்ந்தது. பழைய ஆளுநர் மாளிகையில் 1876இல் தொடங்கப்பட்ட சுரங்கக் கல்லூரியின் கனிம அருங்காட்சியகம் இயங்குகிறது. பழைய சிறையும் நகர மன்றமுமாக இருந்த கட்டடத்தில், 1789இல் போர்ச்சுகல்லின் வரிக்கொடுமைக்கு எதிராகச் சதி செய்ததாகத் தண்டிக்கப்பட்டவர்களின் அருங்காட்சியகம் இருக்கிறது.

ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது மாளிகைகளைப் பற்றியன்று. ஊரின் சரிவுகளில், வீடுகளின் கொல்லைப்புறத்திலேயே பழைய தங்கச் சுரங்கங்களின் வாய்கள் இருக்கின்றன. தலைக்கவசம் கொடுத்து, சிறு குழுக்களாக உள்ளே அழைத்துச் செல்கிறார்கள். குனிந்துதான் நடக்க வேண்டும். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் உளியால் கொத்திய தடம் சுவரில் அப்படியே தெரிகிறது. எங்களை அழைத்துச் சென்ற இளம்பெண் தங்கத்தின் அளவைப் பற்றி மிகக் குறைவாகவே பேசினார். சுரங்க வேலையை ஏற்கெனவே அறிந்த மேற்கு ஆப்பிரிக்க மக்கள் குறிவைத்துப் பிடித்துவரப்பட்டதையும், அவர்களின் அறிவைக் கொண்டே அந்நகரத்துத் தேவாலயங்களின் பொன்பூச்சு முழுவதும் வந்ததையும், பிரேசிலில் அடிமை முறை 1888இல்தான் ஒழிந்தது என்பதையும் நிதானமாகச் சொன்னார். சொல்லும்போது தன் முன்னோரைப் பற்றிப் பேசுகிறார் என்பது எங்கள் எல்லாருக்கும் புரிந்தது. குழுவில் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. அருகே பஸ்ஸாஜெம் என்ற இடத்தில் பழைய சுரங்கத்துக்குள் தண்டவாளத்தில் இறங்கும் தள்ளுவண்டியில் மக்கள் வரிசையில் நின்று போகிறார்கள். மண்ணுக்கடியில் நீர் தேங்கி நிற்கும் குகைகளைப் பார்த்துத் திரும்புகிறார்கள். நம் கூட்டத்தில் சொல்லப்பட்ட அதே குழிகளைப் பார்க்கத்தான் அவ்வளவு பேரும் பணம் கொடுத்து வருகிறார்கள்.

அந்த மக்கள் சுரங்கத்தைப் புகழ்ந்து பாடுகிறவர்களும் அல்லர். பக்கத்து மரியானா நகராட்சியின் எல்லைக்குள், 2015 நவம்பர் 5 அன்று இரும்புத்தாதுச் சுரங்கத்தின் கழிவு அணை உடைந்து 19 பேர் இறந்தார்கள். பென்டோ ரொட்ரிகெஸ் என்ற ஊர் சேற்றில் மூழ்கியது. பழைய சுரங்கத்தின் கதையைச் சொல்கிறவர்கள் அதையும் சேர்த்தே சொல்கிறார்கள். கடந்த காலத்தின் கொடுமையை நேர்மையாகச் சொல்லப் பழகிய ஊர், நிகழ்காலத்தின் கொடுமையையும் எளிதில் மூடி மறைக்க விடாது என்று எனக்குத் தோன்றியது.

தொலைதூர நாடு, பணக்கார ஏற்பாடு என்று நீங்கள் சொல்லக்கூடும். அப்படியானால் இந்தோனேசியாவின் சாவாலுந்தோவைப் பாருங்கள். டச்சுக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சுமத்ராவின் மலைக்குள் நிலக்கரி தோண்டக் கட்டிய ஊர் அது. காலில் சங்கிலி பூட்டிய கைதிகளை வைத்து வேலை வாங்கினார்கள். நிலக்கரி ஓய்ந்தபின் ஊர் காலியாகும் நிலை வந்தது. அப்போது தொழிலாளர்களுக்குச் சோறு சமைத்த பழைய பொதுச் சமையற்கூடத்தை அருங்காட்சியகமாக்கினார்கள். ஒரு சுரங்கப்பாதையைச் சீரமைத்து மக்கள் உள்ளே போய்ப் பார்க்க வழி செய்தார்கள். 2019இல் அந்தச் சுரங்கமும் ரயில் பாதையும் சேர்ந்து உலக மரபுச் சின்னமாயின. சமையற்கூடத்தைக் காப்பதற்குப் பெரும் செல்வம் தேவைப்படவில்லை. அது முக்கியமானது என்று யாரோ ஒருவர் முடிவெடுக்க வேண்டியிருந்தது.

எதைச் செய்யக்கூடாது என்பதற்கும் எடுத்துக்காட்டு உண்டு. பொலிவியாவின் பொத்தோசியில், 1545 முதல் ஸ்பெயினுக்கு வெள்ளியை அள்ளிக் கொடுத்த மலை இன்னும் தோண்டப்பட்டுக்கொண்டே இருக்கிறது. அதன் உச்சி சரிந்து வருவதால் 2014இல் யுனெஸ்கோ அதை ஆபத்திலுள்ள மரபுச் சின்னமாக அறிவித்தது. புழுதிக்கிடையே வேலை செய்துகொண்டிருக்கும் தொழிலாளர்களுக்கு நடுவே சுற்றுலாப் பயணிகளை நுழைத்து வேடிக்கை காட்டும் வழக்கமும் அங்கே உண்டு. வேலை நடக்கும் சுரங்கத்தைக் காட்சிப்பொருளாக்குவதை நான் கேட்கவில்லை. அதை நான் எதிர்க்கிறேன். கல் உடைப்பவரின் வேர்வையைப் படமெடுத்துப் போக யாருக்கும் உரிமை இல்லை.

நமக்கு மிக அருகிலுள்ள பாடம் கோலார் தங்கவயல். சேலம், தருமபுரி, வட ஆர்க்காடு பகுதிகளிலிருந்து ரயிலேறிப் போன நம் மக்களின் உழைப்பில் எழுந்த ஊர் அது. என் பெரியப்பா குடும்பமும் அப்படிப் போனதுதான். 1880 முதல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் அங்கே தங்கம் எடுத்தது. அந்தச் சுரங்கங்களுக்காகத்தான் 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் கொண்டுவரப்பட்டது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் வரை இறங்கியது. 2001 பிப்ரவரி 28 அன்று எல்லாம் மூடப்பட்டது. உறவினர் வீட்டு விசேஷங்களுக்குப் போகும்போதெல்லாம் பார்க்கிறேன்: சுரங்க வாயின் மேலிருந்த இரும்புக் கோபுரங்கள் துருப்பிடித்து நிற்கின்றன, காற்றுக் காலத்தில் தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மண்மேடுகளிலிருந்து எழும் தூசி தொழிலாளர்களின் லைன் வீடுகளின் சோற்றுப்பானை வரை வருகிறது, ஊரின் இளைஞர்கள் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள் ஒவ்வொருவராக இறந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களோடு பாறை வெடிப்பின் சத்தத்தை முன்கூட்டியே கேட்டறியும் அறிவும், கூண்டில் இறங்கும்போது பாடிய பாட்டுகளும், சங்கம் கட்டிய கதைகளும் போய்க்கொண்டிருக்கின்றன. மூடிய நாளிலிருந்தே திட்டமிட்டிருந்தால், அந்த ஊர் தென்னிந்தியத் தொழிலாளர் வரலாற்றின் பெரும் பள்ளியாகியிருக்கும்.

சேலத்தில் அந்தக் காலதாமதம் இன்னும் முழுமையாக நேர்ந்துவிடவில்லை. கையால் கல் பிரித்த பெண்களில் சிலர் இன்னும் இருக்கிறார்கள். என் தாயாரோடு வேலை செய்த ஒருவரை அண்மையில் சந்தித்தேன். எந்தச் சூளையில் எந்த நிறத்துக் கல் போகும், சங்கு ஊதியதும் வெடிக்கு முன் எங்கே ஒதுங்க வேண்டும், கூலி எப்படிக் கணக்கிடப்பட்டது, குழந்தையை எங்கே தூளி கட்டிப் போடுவார்கள் என்பதையெல்லாம் அவர் தெளிவாகச் சொல்கிறார். இருமல்தான் அவரை அதிகம் பேச விடுவதில்லை. அவரிடம் போய் உட்கார்ந்து பதிவு செய்ய இதுவரை எந்த அலுவலகமும் யாரையும் அனுப்பவில்லை.

மூன்று மறுப்புகள் என்னிடம் சொல்லப்பட்டிருக்கின்றன. சுரங்கப் பகுதி ஆபத்தானது என்பது முதலாவது. உண்மைதான்; நீர் தேங்கிய ஆழ்குழிகளின் ஓரங்கள் சரியக்கூடியவை. அதனாலேயே அவற்றை வேலியிட்டு, ஓரிடத்தில் மட்டும் பாதுகாப்பான பார்வையிடம் அமைக்க வேண்டும். இப்போது வேலியும் இல்லை, பலகையும் இல்லை. பிள்ளைகள் குளிக்கப் போகிறார்கள். அந்நியர் கட்டியதை நாம் ஏன் காக்க வேண்டும் என்பது இரண்டாவது. முதலீடு அந்நியருடையது, கல், காடு, கை மூன்றும் நம்முடையவை. இந்த இடங்கள் அழிந்தால் நம்மிடமிருந்து எடுக்கப்பட்டதற்கான சான்றுகளும் சேர்ந்தே அழியும். பணமில்லை என்பது மூன்றாவது. வண்ண விளக்குகளுக்குப் பணம் இருக்கும்போது இதைச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆகவே நான் கேட்பவை இவை. சேலம் மாவட்டத்தில் சுரங்கத்தோடு தொடர்புடைய பழைய சூளைகள், கட்டடங்கள், ரயில் பக்கத்தடங்கள், தொழிலாளர் குடியிருப்புகள், கைவிடப்பட்ட வெட்டுகள் அனைத்தையும் தொல்லியலாளர், புவியியலாளர், உள்ளூர்த் தொழிலாளர் ஆகியோர் அடங்கிய குழு ஒன்று நேரில் கண்டு, அளந்து, படமெடுத்துப் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவு முடியும்வரை எதையும் இடிக்கவோ, மூடவோ, பழைய இரும்புக்கு விற்கவோ அனுமதி தரக்கூடாது. 2012ஆம் ஆண்டின் தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டம் கட்டடங்களையும் இடங்களையும் காக்க வழி தருகிறது. அதன்கீழ் சேலத்தின் சுரங்கச் சின்னங்களைப் பரிந்துரைக்க வேண்டும். பரங்கிமலையின் சார்னோகைட்டும், திருவக்கரை, சாத்தனூர் கல்மரங்களும் தேசியப் புவியியல் நினைவுச் சின்னங்களாக இருக்கும்போது, வெள்ளக்கல் நரம்புகள் தெளிவாகத் தெரியும் ஒரு பாறைமுகத்தையாவது அந்தத் தகுதிக்கு முன்மொழிய வேண்டும்.

இதைவிட அவசரமானது மக்களின் நினைவு. வெள்ளக்கல் வேலை, பாக்சைட் வேலை, சூளை வேலை செய்த முதியவர்களின் வாய்மொழியை அவர்கள் பேசும் தமிழிலேயே, அவர்களின் ஒப்புதலோடு, நேரத்துக்கு உரிய ஊதியம் கொடுத்து இந்த ஆண்டுக்குள் பதிவு செய்யத் தொடங்குங்கள். கல்லூரிகளின் வரலாற்றுத் துறை மாணவர்களைப் பயிற்றுவித்தால் இதைச் செய்துவிட முடியும். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் பலர் ஊதியமில்லாமல் உதவ வருவோம். மூடிய நிறுவனங்களின் வரைபடங்கள், கூலிப் பதிவேடுகள், விபத்துப் பதிவேடுகள் எங்கே கிடந்தாலும் கேட்டு வாங்கி, படியெடுத்து, சேலத்து அரசு அருங்காட்சியகத்தில் பொதுமக்கள் பார்க்கும்படி வைக்க வேண்டும். அங்கே சுரங்கத்துக்கென ஒரு தனி அறை ஒதுக்க வேண்டும்.

பூலாம்பட்டிப் படகுத்துறையிலும், கஞ்சமலை அடிவாரத்திலும், மேக்னசைட் ஜங்ஷனிலும், ஏற்காட்டில் பாக்சைட் எடுத்த சரிவுகளின் அருகிலும் விரிவான தமிழ்ப் பலகைகளை வையுங்கள். அவற்றில் ஹீத்தின் பெயரோடு கொல்லர்களையும், கலெக்டரின் பெயரோடு மலையாளி மக்களையும், கம்பெனிகளின் பெயரோடு கல் பிரித்த பெண்களையும் எழுதுங்கள். வேலை நிறுத்தப்பட்ட, உறுதியான ஒரு வெட்டின் விளிம்பில் பார்வையிடம் அமைத்து, வழிகாட்டும் வேலையைச் சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களின் பிள்ளைகளுக்கே கொடுங்கள். இதற்கான பணத்தை மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதியிலிருந்து எடுக்க வேண்டாம். அது சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களின் குடிநீருக்கும் மருத்துவத்துக்கும் உரியது. அங்கே இன்னும் செய்ய வேண்டியவை நிறைய உள்ளன. சுற்றுலாவுக்கு ஒதுக்கப்படும் பணத்திலிருந்தே இதைச் செய்ய வேண்டும்.

வரைவை இறுதி செய்வதற்கு முன், கருத்துக் கேட்புக் கூட்டத்தை மீண்டும் ஒருமுறை நடத்துங்கள். நகரின் நடுவே அரங்கில், வேலை நாளின் முற்பகலில் வேண்டாம். கருப்பூர், வெள்ளக்கல்பட்டி பக்கத்தில், ஞாயிற்றுக்கிழமை மாலையில், கூலி வேலைக்குப் போகிறவர்களும் வரக்கூடிய நேரத்தில், முன்கூட்டியே தண்டோரா போட்டு நடத்துங்கள். அங்கு சொல்லப்படும் ஒவ்வொரு கருத்துக்கும் ஏற்கப்பட்டதா இல்லையா, இல்லையெனில் ஏன் என்று எழுத்தில் பதில் தாருங்கள். இந்த மடலில் உள்ள கோரிக்கைகளுக்கும் அதே முறையில், கையொப்பமிட்ட பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
வெள்ளக்கல் குடும்பத்தில் பிறந்த, ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர்,
சேலம்.